ஜெனரேட்டர் ஓடுது, யூபிஎஸ் ஏன் கத்துது?

மாலை ஆறரை மணி. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் ரத்தப் பரிசோதனை லேப். சர்க்கரை அளவு தெரிந்துகொள்ள ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகி நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கருவிகளும் கம்ப்யூட்டரும் மட்டும் எதுவும் நடக்காதது போல வேலை செய்துகொண்டிருந்தன. மேசைக்குக் கீழே யூபிஎஸ் விட்டு விட்டுக் கூவ ஆரம்பித்தது. பத்து நொடிக்குள் கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, ஃபேன் சுற்றியது. இனி யூபிஎஸ் கத்துவதை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை.

லேப் டெக்னீஷியன் பெண் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அண்ணே, ஜெனரேட்டர் ஓடுது, யூபிஎஸ் எடுக்க மாட்டேங்குது!"

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார், குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். "போன மாசமும் இதே கதைதான்மா."

அவரோடு நானும் பின்பக்கம் போனேன். ஜெனரேட்டரின் சத்தம் விசித்திரமாக இருந்தது. கொஞ்ச நேரம் சீராக ஓடும். திடீரென்று மூச்சுத் திணறியதுபோல் அமுங்கும். அடுத்த கணம் வெறிபிடித்தாற்போல் கூவும். பிறகு சமாதானமாகும். மறுபடி அதே திணறல். இருபத்தைந்து நிமிடத்தில் யூபிஎஸ்ஸின் பேட்டரி தீர்ந்து கருவிகள் அணைந்தன. ஜெனரேட்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டேங்கில் முக்கால்வாசி டீசல் இருந்தது.

"யூபிஎஸ்காரரைக் கூப்பிட்டா ஜெனரேட்டர் கம்ப்ளெயின்ட்டுங்கிறார். ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டா யூபிஎஸ் கம்ப்ளெயின்ட்டுங்கிறார். ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக் காட்டினாங்க சார், ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது உண்மை. இரண்டு இயந்திரமும் நன்றாகத்தான் இருந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் ஓடும்போதும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே கிடந்து தீர்ந்துபோவதைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்கும். மின்சாரம் இருக்கிறது, கம்பியில் வருகிறது, ஆனாலும் யூபிஎஸ் அதைத் தொட மறுக்கிறது. ஏன்?

இரண்டு பேர் எதற்கு?

டீசல் இயந்திரம் உயிர்பெற்று, வேகம் எடுத்து, சுமை தாங்கும் நிலைக்கு வர ஐந்து முதல் பதினைந்து நொடி ஆகும். அமெரிக்க மருத்துவமனைகளில் உயிர்காக்கும் சுற்றுகளுக்குப் 10 நொடிக்குள் மாற்று மின்சாரம் வந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது டீசல் இயந்திரத்தின் இயல்புதான். கம்ப்யூட்டரோ ஒரு நொடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலே அணைந்துவிடும். அந்த இடைவெளியைப் பேட்டரி நிரப்புகிறது. பேட்டரி மணிக்கணக்கில் தாங்காது என்பதால் ஜெனரேட்டர் வருகிறது. ஒருவர் உடனே வருபவர், மற்றவர் நீண்ட நேரம் நிற்பவர். கைமாறும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாக் கோளாறும் நடக்கிறது.

நொடிக்கு ஐம்பது

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னும் ஆடுகிறது, நொடிக்கு 50 தடவை. இந்த ஆட்டத்தின் எண்ணிக்கையை அதிர்வெண் என்போம்; எலக்ட்ரீஷியன்கள் ஹெர்ட்ஸ் என்பார்கள்.

ஜெனரேட்டரில் இந்த 50 எங்கிருந்து பிறக்கிறது? இயந்திரத்தின் சுழற்சியிலிருந்து. நாம் பார்க்கும் பெரும்பாலான டீசல் ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுபவை. அதாவது நொடிக்கு 25. உள்ளே சுழலும் காந்தத்துக்கு நான்கு முனைகள், இரண்டு ஜோடி. ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரம் இரண்டு முறை ஆடி முடிக்கும். 25 பெருக்கல் 2, ஐம்பது. கடைவாசலில் வைத்து இழுத்துக் கிளப்பும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டருக்கு இரண்டே முனை; அதனால்தான் அது நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடி அப்படிக் காதைக் கிழிக்கிறது.

ஆக, ஜெனரேட்டரின் வேகம் எவ்வளவு மாறினாலும் அது அப்படியே அதிர்வெண்ணில் தெரிந்துவிடும். வேகம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தால் 50 என்பது 48 ஆகும்.

அந்த லேப் ஜெனரேட்டரின் பேனலில் பழைய பாணி மீட்டர் ஒன்று இருந்தது. முள் கிடையாது. மெல்லிய தகட்டு நாக்குகள் வரிசையாக, நுனியில் வெள்ளை பூசி, 47 முதல் 53 வரை எண்ணிட்டு நிற்கும். எந்த எண்ணில் மின்சாரம் ஆடுகிறதோ அந்த நாக்கு மட்டும் படபடக்கும். வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதி சேர்ந்த பக்கத்துத் தந்தியும் தானாக அதிருமே, அதே தத்துவம். அன்று அந்த வெள்ளைப் படபடப்பு 52-லிருந்து சரசரவென்று இடப்பக்கம் ஓடி, 48-ஐத் தாண்டி, பின் வலப்பக்கக் கடைசிவரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஓட்டத்தின் கதைதான்.

தேரும் ரிக்‌ஷாவும்

திருவாரூர் ஆழித்தேரின் வடத்தைப் பிடித்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் கையை விட்டால் தேருக்குத் தெரியாது. சைக்கிள் ரிக்‌ஷாவில் இன்னொருவர் ஏறினால் மிதிப்பவருக்கு முழங்காலில் தெரியும்.

வாரியத்தின் மின்சாரம் தேர். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் உயரழுத்தத் தடம் இணைந்த பிறகு, தென்னக மின்தொகுப்பும் மற்ற இந்தியத் தொகுப்போடு ஒரே தாளத்தில் சுழலத் தொடங்கியது. நெய்வேலியில் ஓடும் டர்பைனும் பஞ்சாபில் ஓடும் டர்பைனும் ஒரே லயத்தில் ஓடுகின்றன. 2024 மே மாதம் நாட்டின் உச்ச மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. அதாவது 25 கோடி கிலோவாட். அதில் உங்கள் ஒன்றரை டன் ஏசி ஒன்றரை கிலோவாட். நீங்கள் சுவிட்சைப் போடுவது அந்தத் தேருக்கு எறும்பு ஏறியது மாதிரி. தொகுப்பின் அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று விதி வைத்து, ஏறத்தாழ அப்படியே ஓட்டவும் முடிகிறது.

ஜெனரேட்டர் ரிக்‌ஷா. அதன் சுழலும் பாகங்களில் சேர்ந்திருக்கும் வேகத்தின் ஆற்றல், சிறிய செட்டுகளில், முழுச் சுமையை ஒரு நொடி தாங்கவே பெரும்பாலும் போதாது. சுமை ஏறிய அந்தக் கணத்தில் வேகம் விழத் தொடங்கும். கல்யாண மண்டபத்தில் கிரைண்டர் போட்டதும் விளக்குகள் ஒரு முறை மங்கி எழுவதைக் கவனித்திருப்பீர்கள்.

யூபிஎஸ் தேரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. அதை வடிவமைத்த பொறியாளரின் மேசையிலும், சோதித்த தொழிற்சாலையிலும், பொருத்திக் காட்டிய அன்று உங்கள் கடையிலும் அதற்குக் கிடைத்தது வாரிய மின்சாரம். ரிக்‌ஷாவில் ஏற்றியது பிறகுதான்.

கவர்னர்

விழும் வேகத்தைப் பிடித்து நிறுத்த ஜெனரேட்டரில் ஒரு பாகம் உண்டு. மெக்கானிக்குகள் கவர்னர் என்பார்கள். (மாநில ஆளுநர் இல்லை; இவர் நொடிதோறும் வேலை செய்பவர்.) வேகக்காவலர் என்று சொல்லிக்கொள்ளலாம். சுழலும் தண்டோடு இரண்டு எடைகள் சுற்றும். வேகம் கூடினால் அவை விரியும், டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கும், டீசலைக் கூட்டும். காற்றாலை மாவு மில்களில் இருந்த இந்த யோசனையை 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்குக் கொண்டுவந்தார்.

இதில் இரண்டு சூட்சுமங்கள். ஒன்று, வேகம் குறைந்த பிறகுதான் எடைகள் சுருங்கும். எனவே சுமை கூடக்கூட வேகம் சற்றுக் குறைந்துதான் நிற்கும். மெக்கானிக்குகள் இதற்கு ஈடாக, சுமையே இல்லாதபோது ஜெனரேட்டரை 52-இல் ஓடும்படி திருகி வைப்பார்கள். முழுச் சுமை ஏறும்போது 50-க்கு வந்து நிற்கும். இந்த இறக்கத்தைச் சுமைச்சரிவு என்போம். இது கோளாறில்லை, வேண்டுமென்றே வைப்பது.

மற்றது, தாமதம். எடை சுருங்கி, கம்பி நகர்ந்து, பம்ப் கூடுதல் டீசலை அனுப்பி, அது எரிந்து உந்துதல் கொடுப்பதற்குள் வேகம் இன்னும் விழுந்திருக்கும். நான்கடிச் சுழற்சி இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 1500 சுற்றில் அது நொடிக்குப் பன்னிரண்டரை தடவை. உதவி கேட்டதும் வராது, அடுத்த வெடிப்பில்தான் வரும். வரும்போது அளவுக்கு மீறி வரும். வேகம் மேலே தாண்டும். காவலர் மறுபடி இழுப்பார், மறுபடி அதிகமாக இழுப்பார்.

இப்படி மேலும் கீழும் அலைவதை மெக்கானிக்குகள் ஹன்டிங் என்கிறார்கள், வேட்டை. இந்த வேட்டை எப்போது தானாக அடங்கும், எப்போது வளர்ந்துகொண்டே போகும் என்று 1868-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஒளி ஒரு மின்காந்த அலை என்று சொன்ன அதே மேக்ஸ்வெல்தான். கவர்னர்களைப் பற்றியது என்றே தலைப்பு வைத்து அவர் எழுதிய அந்தக் கட்டுரையைக் கட்டுப்பாட்டு இயலின் முதல் நூல் போலவே பொறியாளர்கள் மதிக்கிறார்கள். லேப் கொல்லைப்புறத்தில் அன்று நடந்ததும் அவர் எழுதிய விஷயம்தான், ஒரு திருப்பத்தோடு. அந்த வேட்டையில் ஓடியது கவர்னர் மட்டுமில்லை.

யூபிஎஸ் எதற்காக அடம்பிடிக்கிறது

யூபிஎஸ்களில் ஜாதிகள் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர், வந்த மின்சாரத்தையே நேராக வெளியே விடும். அது கெட்டால் மட்டும் பேட்டரிக்குத் தாவும். லேபிலும் வங்கியிலும் வைக்கும் ஆன்லைன் யூபிஎஸ் அப்படியில்லை. வரும் மின்சாரத்தை முழுவதும் நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து புதிதாக ஒரு மாறுமின்சாரத்தைச் செய்து வெளியே கொடுக்கும். பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது போல. உள்ளே வந்தது கோணலாக இருந்தாலும் வெளியே போவது நேராக இருக்கும்.

அப்படியானால் அதிர்வெண் 52 ஆனால் என்ன, 48 ஆனால் என்ன, உருக்கத்தானே போகிறோம்? நியாயமான கேள்விதான். அடம்பிடிப்பதற்குக் காரணம் பைபாஸ். யூபிஎஸ்ஸின் உள்ளே ஏதாவது கெட்டுப்போனால், சுமையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளி மின்சாரத்துக்கு நேரடியாக மாற்றிவிட ஒரு சுற்றுவழி வைத்திருப்பார்கள். மாறும்போது உள்ளே செய்த அலையும் வெளியே வரும் அலையும் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக யூபிஎஸ் எந்நேரமும் வெளி அலையோடு கால்தப்பாமல் நடந்துகொண்டே இருக்கும். வெளி அலை தாறுமாறாக ஓடினால் கூட ஓட முடியாது. ஆகவே ஒரு எல்லை வைத்துக்கொள்ளும்: இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை வந்தால் சேர்வேன், இல்லையேல் பேட்டரி. இதை ஏற்பு எல்லை என்று வைத்துக்கொள்வோம்.

நல்ல யூபிஎஸ்களில் இரண்டு எல்லைகள் தனித்தனியாக இருக்கும். பைபாஸுக்கு இறுக்கமான எல்லை, உருக்குவதற்கு அகலமான எல்லை. மலிவானவற்றில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும். எங்கள் லேப் கதையில் வில்லன் என்று யாரையாவது காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன்.

அந்த மாலை, நொடி நொடியாக

லேபின் எண்களைக் கணக்குக்கு வசதியாகச் சற்று முழுமையாக்கிக்கொள்கிறேன்.

ஜெனரேட்டர் 15 கேவிஏ. உண்மையில் சுமக்கக்கூடியது 12 கிலோவாட். சுமையில்லாமல் 52 ஹெர்ட்ஸ், முழுச் சுமையில் 50. யூபிஎஸ்ஸின் ஏற்பு எல்லை 48 முதல் 52. யூபிஎஸ் தாங்கும் கருவிகள் 5 கிலோவாட். யூபிஎஸ் தானே வெப்பமாகத் தின்பது அரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். பேட்டரியைத் திரும்ப நிரப்ப 1 கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஆக, யூபிஎஸ் வெளியிலிருந்து கேட்பது 6.7 கிலோவாட். அது போக விளக்கும் ஃபேனும் அரை கிலோவாட்.

மொத்தம் 7.2. திறன் 12. பாதிக்குக் கொஞ்சம் மேல். தாளில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஜெனரேட்டர் விற்றவர் போட்ட கணக்கும் இதுதான்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள்.

முதல் நொடியில் கரண்ட் போகிறது. எட்டாவது நொடியில் ஜெனரேட்டர் வேகம் எடுத்து, அரை கிலோவாட் விளக்கோடு 51.9-இல் நிற்கிறது. எல்லைக்குள்தான், ஒரு மயிரிழையில். யூபிஎஸ் உடனே நம்பாது. பத்து நொடி பார்க்கும். பதினெட்டாவது நொடியில், சரி, நல்ல மின்சாரம் என்று தீர்மானித்து, 6.7 கிலோவாட்டையும் ஒரே வீச்சில் ஜெனரேட்டரின் தலையில் இறக்குகிறது.

ரிக்‌ஷாவில் மூன்று பேர் குதித்து ஏறிய மாதிரி. நாக்கு மீட்டரில் படபடப்பு இடப்பக்கம் ஓடுகிறது: 51, 50, 49, 48, அதையும் தாண்டி 47.6. கவர்னர் டீசலைத் திறந்துவிட்டார். இன்னும் இரண்டு நொடி கொடுத்தால் 50.8-க்கு வந்து அமைதியாக நின்றிருக்கும். அந்த இரண்டு நொடியை யூபிஎஸ் கொடுக்கவில்லை. 48-க்குக் கீழே போயிற்று, மோசமான மின்சாரம், பேட்டரிக்குப் போ.

சுமை காணாமல் போகிறது. டீசலோ முழுதாகத் திறந்திருக்கிறது. இயந்திரம் கூவிக்கொண்டு 53-ஐத் தாண்டுகிறது. கவர்னர் இழுத்துப் பிடித்து, நாலைந்து நொடியில் 51.9-க்குக் கொண்டுவருகிறார். யூபிஎஸ் பத்து நொடி பார்க்கிறது. நல்ல மின்சாரம். எல்லாவற்றையும் இறக்கு.

ஒரு சுற்றுக்குச் சுமார் பதினெட்டு நொடி. இருபத்தைந்து நிமிடத்தில் ஏறத்தாழ 80 தடவை இது நடந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு நொடி தவிர மீதியெல்லாம் பேட்டரியில். பேட்டரி தீர்ந்தது ஆச்சரியமில்லை.

கவனியுங்கள், இதில் யாரும் தவறு செய்யவில்லை. தனியாகச் சோதித்தால் ஜெனரேட்டர் முழுச் சுமையையும் தாங்கும். தனியாகச் சோதித்தால் யூபிஎஸ் தன் எல்லையைச் சரியாகக் காக்கும். யூபிஎஸ்ஸின் எச்சரிக்கைதான் ஜெனரேட்டரைக் கெடுக்கிறது. கெட்ட ஜெனரேட்டரைப் பார்த்து யூபிஎஸ் மேலும் எச்சரிக்கையாகிறது. சில குடும்பங்களில் மாமியாரும் மருமகளும் இப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உச்சியில் மட்டும் உறிஞ்சுகிறவன்

அதிர்வெண் மட்டுமே பிரச்சினை என்றால் நன்றாக இருக்கும். மின்சார அலைக்கு ஒரு வடிவமும் உண்டு: மலைபோல் வழவழப்பாக ஏறி, வழவழப்பாக இறங்க வேண்டும். பழைய யூபிஎஸ்கள் அலை முழுவதிலும் மின்சாரத்தை எடுப்பதில்லை. ஒவ்வொரு மலையின் உச்சியிலும் மட்டும் லபக்கென்று ஒரு வாய் உறிஞ்சும். நொடிக்கு நூறு வாய். உச்சி நசுங்கி, மலை மேசையாகிவிடும். இப்படி நசுங்கிய அலையைப் பிரித்துப் பார்த்தால் 50-இன் மடங்குகளில் ஆடும் சின்னச் சின்ன அலைகள் கலந்திருக்கும். ஹார்மானிக்ஸ் என்பார்கள், கிளையலைகள் என்று நான் சொல்வேன்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஜெனரேட்டரின் சுருள்களோ அதைவிட இரண்டு மூன்று மடங்கு வளைந்துகொடுப்பவை; அதே வாய் இங்கே ஆழமான பள்ளம் பறிக்கும். தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்ச் வைத்த பெரிய பழைய யூபிஎஸ்கள் அலையில் கத்தியால் கீறியது போல வெட்டுகளும் போடும். அலை பூச்சியத்தைக் கடக்கும் இடங்களை எண்ணித்தான் யூபிஎஸ் அதிர்வெண்ணைக் கணக்கிடுகிறது. கோணல் அலையில் எண்ணிக்கை தப்பும். ஜெனரேட்டர் சரியாக 50-இல் ஓடும்போதே, தான் போட்ட கீறலைத் தானே எண்ணிவிட்டு, அதிர்வெண் சரியில்லை என்று அது கத்தும்.

பழைய பெரிய யூபிஎஸ்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் கிளையலைகள் நூற்றுக்கு முப்பது பங்குவரை இருந்ததுண்டு. இன்றைய நல்ல மாடல்கள் அலை முழுவதிலும் சமமாக உறிஞ்சி அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. விலைப்பட்டியலில் யாரும் படிக்காத வரி இது.

பெரிசா வாங்கினா தீருமா?

லேப் உரிமையாளருக்கு எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: 30 கேவிஏ ஜெனரேட்டர் வாங்குங்கள். வேலை செய்யும் யோசனைதான். கனமான இயந்திரம் 6.7 கிலோவாட்டுக்கு அவ்வளவு குனியாது. பழைய யூபிஎஸ்களுக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஜெனரேட்டர் வைப்பது என்று தொழிலில் ஒரு வாய்க்கணக்கும் இருந்தது.

ஆனால் டீசல் இயந்திரத்துக்குச் சும்மா ஓடுவது ஆகாது. திறனில் முப்பது சதவீதத்துக்கும் கீழே வெகுநேரம் ஓடினால் உள்ளே சூடு போதாமல் டீசல் முழுதாக எரியாது. கரியும் எரியாத எண்ணெயும் சேர்ந்து புகைக்குழாயில் கருப்பாக வழியும். 7 கிலோவாட் வேலைக்கு 24 கிலோவாட் இயந்திரத்தை வைத்தால் இரவில் பாதிக் கருவிகளை அணைத்த பிறகு அங்கேதான் போய் நிற்போம்.

இன்னொரு விநோதமும் உண்டு. கிளையலைகளை வடிகட்ட யூபிஎஸ்ஸின் வாசலில் மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள், மெக்கானிக் மொழியில் கெப்பாசிட்டர். உள்ளே சுமை குறைவாக இருக்கும்போதும் அவை முழுசாக இணைந்தே கிடக்கும். மின்தேக்கியின் மின்னோட்டம் ஜெனரேட்டரின் காந்தத்துக்கே தீனி போடும் தன்மை கொண்டது. மின்னழுத்தத்தைக் காக்கும் ஏவிஆர் காந்தத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கும். ஒரு கட்டத்தில் குறைக்க ஒன்றும் மிச்சமிருக்காது. மின்னழுத்தம் தன்போக்கில் ஏறும். சுமை கூடினால் கெடும் என்று நினைப்போம். இங்கே சுமை குறைந்ததால் கெடுகிறது. வெறும் யூபிஎஸ்ஸை மட்டும் ஜெனரேட்டரில் போட்டுப் பார்க்காதே, முதலில் விளக்கையும் ஏசியையும் ஏற்று என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். காரணம் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மெல்ல ஏறு

இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு, ஏசி கிளம்பும்போது விளக்கு மங்குவது குறைந்ததைக் கவனித்தீர்களா? பழைய ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. புது ஏசி மெதுவாகச் சுழல ஆரம்பித்து ஏறுகிறது. யூபிஎஸ்ஸுக்கும் இதே வித்தை உண்டு. சுமையை ஒரேயடியாக வெளி மின்சாரத்துக்கு மாற்றாமல், பேட்டரியிலிருந்து கொஞ்சம் குறைத்து, ஜெனரேட்டரிலிருந்து கொஞ்சம் கூட்டி, பத்துப் பதினைந்து நொடியில் படிப்படியாக மாற்றுவது. மெல்லேற்றம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

லேபில் இருந்த யூபிஎஸ்ஸில் அந்த வசதி இருந்தது. மெனுவுக்குள் மெனுவாகப் போய், கடவுச்சொல் கேட்கும் ஒரு பக்கத்தில், தொழிற்சாலையில் வைத்தபடியே பூச்சியத்தில் கிடந்தது. வந்த சர்வீஸ் பையன் அதை 15 நொடியாக்கினான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே வீச்சில் 6.7 கிலோவாட் விழுந்த இடத்தில் இனி நொடிக்கு அரை கிலோவாட்டுக்கும் குறைவு. கவர்னருக்கு அது நடைப்பயிற்சி.

அதோடு இன்னும் இரண்டு வேலை செய்தார்கள். ஜெனரேட்டர் பேனலிலிருந்து ஒரு ஜோடி மெல்லிய ஒயரை யூபிஎஸ்ஸுக்கு இழுத்து, இப்போது ஓடுவது ஜெனரேட்டர் என்று சொல்ல வைத்தார்கள். அந்தச் செய்தி வந்தால் பேட்டரி நிரப்புவதை ஒரு நிமிடம் தள்ளிப்போடும்படி அமைப்பு. நூறு ரூபாய் ஒயர். இரண்டு இயந்திரமும் ஒரே அறைச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தவை. பிறகு மெக்கானிக் கவர்னரின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, படிந்திருந்த பிசுக்கைத் துடைத்து, சுமையில்லா வேகத்தையும் ஒரு இழை குறைத்து வைத்தார். கம்பி இறுகிப்போய் இருந்ததுதான் கவர்னரின் தாமதத்தில் பாதி என்பது என் சந்தேகம்.

ஏற்பு எல்லையை அகலமாக்குவதைப் பற்றியும் பேசினோம். பல இடங்களில் முதலில் செய்வது அதுதான். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும்; சிலதில் யூபிஎஸ்–நார்மல் என்றும் சிலதில் யூபிஎஸ்–எகோ என்றும் எழுதியிருக்கும். யூபிஎஸ் பக்கம் இருந்தால் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட்வரைதான் ஏற்கும். மறுபக்கம் தள்ளினால் 100 முதல் 290 வரைகூட ஏற்கும். அடுக்குமாடி ஜெனரேட்டரை மதிக்காத இன்வெர்ட்டர்களில் பாதி இந்தச் சுவிட்சில் வழிக்கு வந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இன்வெர்ட்டர் நேராக வெளியே விடும் ஜாதி, எல்லையை அகலமாக்கினால் அந்த மோசமான மின்சாரம் அப்படியே உங்கள் ஃபிரிட்ஜுக்குப் போகும். தாவும் நேரமும் கூடும், கம்ப்யூட்டர் அணையலாம். உருக்கிச் செய்யும் ஆன்லைன் ஜாதியில் அந்தப் பயம் குறைவு. லேபில் அதைத் தொடவே தேவைப்படவில்லை.

புது ஜெனரேட்டர் வாங்குவோருக்கு இதில் பாதித் தலைவலி இல்லை. எடைகளுக்குப் பதில், ஃபிளைவீலின் பற்களைக் காந்த உணரி எண்ணிச் சொல்ல, மின்னணுக் கவர்னர் டீசலை அளக்கிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐம்பதிலேயே நிற்க வைக்க முடிகிறது. இந்தியாவில் 2023 ஜூலை 1 முதல் தயாராகும் ஜெனரேட்டர்களுக்குப் புகை விதிகள் இறுகியபோது பல மாடல்களில் மின்னணு எரிபொருள் கட்டுப்பாடு வந்தது. புகைக்காகச் செய்தது யூபிஎஸ்ஸுக்கும் உதவியது.

முதல் சனிக்கிழமை

பெரும்பாலான இடங்களில் மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். சாவி திருப்புவார்கள், கிளம்பும், ஐந்து நிமிடம் ஓடும், அணைப்பார்கள், நோட்டில் தேதி எழுதுவார்கள். கிளப்பும் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஜெனரேட்டர் கிளம்பாத நேரங்களில் பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பேட்டரிதான். ஆனால் சுமையே ஏறாத அந்த ஐந்து நிமிடத்தில் மேலே சொன்ன எதுவுமே வெளிப்படாது. இந்த லேபிலும் நோட்டு முழுக்கத் தேதிகள் இருந்தன.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, நோயாளிகள் போன பிறகு, அண்ணன் மெயின் பிரேக்கரையே இறக்கிவிடுகிறார். அடுத்த தடவை சர்க்கரை பார்க்கப் போனது அப்படி ஒரு சனிக்கிழமையாக அமைந்தது. கொல்லைப்புறம் போய் நின்றேன். இயந்திரம் கிளம்பியது. நாக்கு மீட்டரில் 52-க்குச் சற்று இப்புறம் வெள்ளைப் படபடப்பு. பத்து நொடி. பிறகு அது மெதுவாக, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் நகரத் தொடங்கியது. 51-க்கு அருகில் வந்து நின்றது. ஒரு நிமிடம் கழித்து இன்னும் ஒரு இழை நகர்ந்தது. பேட்டரி நிரம்ப ஆரம்பித்திருக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் ஒரு சின்னக் கனம் கூடியது, அவ்வளவுதான்.

உள்ளே யூபிஎஸ் கூவுவது எப்போது நின்றது என்று டெக்னீஷியனைக் கேட்டேன். பிப்பெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கத்துச்சா சார்?" என்றார்.